வெள்ளைத் துண்டில் ஏழு அழுகண்ணிகள்

திருவனந்தபுரத்தில் சுவர்களுக்கு உடம்பெல்லாம் முடி. ரயிலடியை விட்டு வெளியே வந்து பழவங்காடி வரை நடந்த தூரத்தில் ஒரு மதிலைக்கூட வெறும் மதிலாகப் பார்க்கவில்லை. பாசி, பாசிக்கு மேல் பெரணி, பெரணிக்கு நடுவில் பேர் தெரியாத ஒரு ஊதாப் பூ. எங்கள் பாளையங்கோட்டையில் ஒரு செடி தலைகாட்ட வேண்டுமென்றால் முதலில் மழை வர வேண்டும், பிறகு ஆடு வராமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் நடப்பது அபூர்வம். பையை இறக்கி வைத்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து படம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். பத்து நிமிட தூரத்தில் இருந்த அறைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

நான் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருப்பவள். இருபது வருடமாகப் பாஸ்போர்ட் அளவு முகங்கள் எடுக்கிறேன். அவையெல்லாம் ரேஷன் கார்டிலும் வங்கிப் புத்தகத்திலும் முத்திரைக்கு அடியில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று களைச்செடிகளை எடுப்பேன். எருக்கு, நெருஞ்சி, தும்பை, நாயுருவி, குப்பைமேனி. செடிக்குப் பின்னால் கறுப்புக் குடையை விரித்து வைத்து, தரையில் குப்புறப் படுத்து, ஒரு ஆளை எடுப்பதுபோல எடுப்பேன். "ஆடு திங்கிறதுக்கெல்லாம் போட்டோவா?" என்பார் என் கணவர். ஆனால் குடையைப் பிடிக்க அவர்தான் வருவார்.

அந்தப் படங்களை அக்கா மகள் போன் வழியாக இணையத்தில் ஏற்றிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்பிகா டீச்சர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. திருவனந்தபுரம் வழுதக்காட்டில் தன் வீட்டு மாடியின் இரண்டு அறைகளைக் கண்காட்சிக் கூடமாக வைத்திருக்கிறார். என் படங்கள் பதினொன்றை மாட்டத் தயார் என்றார். உள் அறையின் பெரிய சுவருக்கு மட்டும், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கும்படி, இதுவரை எங்கும் காட்டாத ஒரு படம் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வராவிட்டால் அந்தச் சுவர் யானைப் படம் எடுக்கும் ஒருவருக்குப் போய்விடும். "யானை காத்திருக்கிறது" என்று போனிலேயே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவர் எனக்கு வேண்டும். என் ஆயுளில் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டதாக நினைவில்லை.

பன்னிரண்டாவது படத்துக்கான செடி எது என்பதை முத்துமாரி சொல்லியிருந்தாள். அவள் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவள். தங்கை மகள் கல்யாணத்துக்கு எங்கள் ஊர்ப்பக்கம் வந்தபோது ஏதோ விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்கக் கடைக்கு வந்தாள். சுவரில் இருந்த நெருஞ்சிப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க லயத்துக்குப் பின்னால பாறையில ஒண்ணு முளைக்கும்க்கா. செவப்பா, பொட்டு மாதிரி. பூச்சியப் புடிச்சுத் தின்னுரும்" என்றாள். அழுகண்ணி! இலையில் இருக்கும் மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பிசின் துளி, எப்போதும் அழுதுகொண்டே இருக்கிற கண் மாதிரி. கொசு வந்து உட்கார்ந்தால் திரும்பிப் போகாது. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. அந்த நிமிடமே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள் என்பதையே அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

திருவனந்தபுரம் வந்து சேர்ந்த மறுநாள் புதன்கிழமை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கோட்டைச் சுவர் பக்கம் போனேன். ஊருக்கு ஊர் வேடிக்கை பார்ப்பதில் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் ஊரில் நான் தரையில் படுத்தால் பத்துப் பேர் கூடி, நெஞ்சுவலியா என்று கேட்டு, சோடா வாங்கப் போய்விடுவார்கள். இங்கே ஒருவர் நின்றார், குடையை மடக்கினார், நான் எடுக்கும் பெரணியை நிதானமாகப் பார்த்தார். "ஆராய்ச்சியா?" என்று மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி. இல்லை, சும்மா அழகுக்காக என்றேன். அது அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கிரகாரத் தெருவிலிருந்து பூக்கூடையோடு வந்த ஒரு மாமி மட்டும் பேச்சுக் கொடுத்தார். "இதையா எடுக்கறேள்? எங்காத்துக் கிணத்தடில மண்டிக் கெடக்கு. வாங்கோ, எடுத்துக்கோங்கோ. எடுத்த கையோட பிடுங்கியும் போட்டுட்டேள்னா புண்ணியமாப் போகும்." போனேன். எடுத்தேன். பிடுங்கவில்லை. காப்பி மட்டும் கிடைத்தது, ஆனால் நல்ல காப்பி.

மதியம் ஓட்டலில் சாப்பாட்டோடு இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைத்தார்கள். டம்ளர் கழுவிய தண்ணீரோ என்று தயங்கினேன். பரிமாறியவர் வள்ளியூர்க்காரர். "பதிமுகக் கட்ட போட்ட தண்ணிம்மா, ஒடம்புக்கு நல்லது, தைரியமாக் குடிங்க கேட்டோ" என்றார். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறாராம். மலையாளத்து 'கேட்டோ' இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியமும் முடியவில்லை. சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகம் அளவு. அதை மென்று முடிக்கும் நேரத்தில் எங்கள் ஊரில் இரண்டாவது பந்தி எழுந்துவிடும்.

சாயங்காலம் முத்துமாரியைக் கூப்பிட்டு, காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன், வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றேன். "நீங்க வாங்கக்கா. நான் எல்லாம் ரெடி பண்ணி வைக்கேன்" என்றாள். ரெடி பண்ண என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். விதுரா வரை பஸ் ஒழுங்காகப் போயிற்று. அங்கிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸைத்தான் காணவில்லை. நிலையத்தில் இருந்தவரிடம் எப்போது வரும் என்று கேட்டேன். "வரும். சில நாள் வராமலும் இருக்கும்" என்றார். அதில் கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். சந்தைப் பக்கம் போய் விசாரித்து, கேஸ் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஒரு ஜீப்பைப் பிடித்தேன். சிலிண்டர்களுக்கு நடுவில் நானும் ஒரு சிலிண்டராக உட்கார்ந்துகொண்டேன்.

கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். வயிறு எந்த எண்ணில் புரள ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ள அது வசதி. எனக்கு ஒன்பது. பதினாலாவது வளைவில் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கிளை விழுந்து கிடந்தது. எல்லாரும் இறங்கி இழுத்தோம். கிளை முழுக்க வெள்ளி நிறத்தில் பாசி, அதற்குள் சீரகம் அளவில் ஒரு பூ. நான் கிளையை விட்டுவிட்டு கேமராவை எடுத்தேன். "சேச்சி, முதலில் பிடியுங்கள், பிறகு எடுக்கலாம். அது ஓடிப்போகாது" என்று டிரைவர் மலையாளத்தில் கத்தினார். நியாயம்தான். பிடித்தேன். மேலே போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

முத்துமாரி பாதை முனையிலேயே நின்றிருந்தாள். கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி பட்டுக்கரைச் சேலை, தலையில் கனகாம்பரம். கையைப் பிடித்து லயத்துக்குக் கூட்டிப்போனாள். நான் பாறைக்குப் போகலாம் என்றேன். "பாறைக்கு எதுக்கு? எல்லாம் இங்கயே இருக்கு, பாருங்க" என்றாள்.

வீட்டு வாசலில் ஒரு மேஜை. மேஜையின் மேல் வெள்ளைத் துண்டு, சுருக்கமில்லாமல் விரித்தது. துண்டின் மேல் ஏழு அழுகண்ணிச் செடிகள் வேரோடு, வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில்.

குனிந்து பார்த்தேன். சிவப்பு மயிர்கள் ஈரத்தில் ஒட்டிப் படுத்திருந்தன. ஒன்றின் நுனியிலும் துளி இல்லை.

"ஒவ்வொண்ணையும் ரெண்டு தண்ணியில கழுவியாச்சுக்கா" என்றாள் முத்துமாரி. "பிசுபிசுன்னு என்னமோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, செத்த கொசு வேற. எல்லாம் போயிருச்சு, இப்ப சுத்தமா இருக்கு."

"யாரு உங்களப் பிடுங்கச் சொன்னது? அந்தப் பிசுபிசுப்பப் பாக்கத்தானே நான் இவ்வளவு தூரம் வந்தேன்!"

நான் கத்தியது பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும். ஒரு கதவு திறந்து மூடியது. முத்துமாரி என்னைப் பார்க்காமல், துண்டின் ஓரத்தை இழுத்து நீவிவிட்டாள்.

"உங்க கடையில எனக்கு என்ன சொன்னீங்க? மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, பின்னால வெள்ளத்துணி வேணும், ஆடாம அசையாம இருக்கணும்னு சொன்னீங்கல்லா? பாறை வழுக்கும், நீங்க வேற கண்ணாடி போட்ட ஆளு. விழுந்துருவீங்களேன்னு நானே கொண்டாந்தேன். வேர் அறாம கத்தியால நோண்டி எடுத்தேன்க்கா. வெளிச்சம் வாறதுக்கு முந்தி போனேன்."

வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபது வருடமாக வருகிறவர்களையெல்லாம் அதட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒருத்தி நான் சொன்னதை அப்படியே கேட்டு, நான் சொன்னபடியே செய்திருக்கிறாள். பாறையில் வேறு இருக்கிறதா என்று கேட்டேன். இந்த வருடம் ஏழுதான் என்றாள். ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. எனக்குக் குறை வைக்கக் கூடாதென்று.

உள்ளே கூப்பிட்டு, அவித்த மரச்சீனிக்கிழங்கும் சம்மந்தி என்று இங்கே சொல்லும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாயைக் காரணம் சொல்லிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும், அவள் மனசு கோணக் கூடாதென்று மேஜையருகே போய், துண்டோடு செடிகளை நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்தேன். ஒன்றே ஒன்று. எடுத்த மாதிரி காட்டிக்கொள்ளத்தான். "அவ்வளவுதானா?" என்றாள். "அவ்வளவுதான்" என்றேன்.

பிறகு செடிகளை வாழையிலையில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பாறைக்குப் போனோம். நிஜமாகவே வழுக்கும் பாறை. அவள் நோண்டிய குழிகள் ஏழும் அப்படியே இருந்தன. ஈர மண்ணை அழுத்தி ஒவ்வொன்றையும் திரும்ப நட்டாள். எந்தச் செடி எந்தக் குழி என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தேயிலைக் கன்று நட்டுப் பழகிய விரல்கள். நட்ட பிறகு பார்த்தால் அவற்றைத் தொட்டதாகவே தெரியவில்லை. துளி மட்டும்தான் இல்லை.

எனக்கு யானை நினைவு வந்தது.

தொழிலில் இதற்கு வழி இருக்கிறது. சர்க்கரையைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துத் தெளித்தால் துளி உருண்டு நிற்கும், உடனே காயாது. வெயில் காலத்துப் பூவுக்குப் பனித்துளி வைப்பதெல்லாம் இப்படித்தான். தெளிப்பான் என் பையில் எப்போதும் இருக்கும். சர்க்கரை முத்துமாரி கொண்டுவந்தாள். பூக்காம்பு உள்ள செடியாகப் பார்த்துத் தெளித்தேன். பின்னால் குடையை விரித்தேன். மேகம் ஒன்று நல்ல நேரத்தில் வந்து வெயிலை மறைத்தது. சொல்லக் கூடாது, சொல்லாமலும் இருக்க முடியாது: நான் எடுத்ததிலேயே அழகான படம் அது. கறுப்புக்கு நடுவில் ஒரு சிவப்புச் சூரியன், அதைச் சுற்றி நூறு துளி.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னக் கொசு வந்து ஒரு துளியில் உட்கார்ந்தது. குடித்தது. முன்காலைத் துடைத்துக்கொண்டது. பறந்து போய்விட்டது.

"அக்கா, அது போயிருச்சு" என்றாள் முத்துமாரி. "இந்தச் செடியில உக்காந்தது போவாதே." அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆச்சரியப்பட்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை அம்பிகா டீச்சர் அந்தப் படத்தைக் கணினித் திரையில் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். இதுதான், இதேதான் என்று மலையாளத்தில் நாலு தரம் சொன்னார். அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, என்னை இந்த ஊர்ப் போளியும் பால்பாயசமும் சாப்பிட்டு வரும்படி அனுப்பினார். போளியைப் பிய்த்துப் பாயசத்தில் போட்டுச் சாப்பிட வேண்டுமாம். எங்கள் ஊரில் இப்படி ஒரு காரியத்தை யாரும் செய்யத் துணிந்ததில்லை. அருமையாக இருந்திருக்க வேண்டும். பக்கத்து இலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. அந்தக் கொசு என்னை விடவில்லை.

திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிடுங்கியது, கழுவியது, நட்டது, சர்க்கரை, கொசு. டீச்சர் அச்சுக்கடைக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னார். பிறகு என்னிடம், "மற்ற பதினொன்றிலும் சர்க்கரை உண்டா?" என்றார்.

"நாலில் உண்டு."

"அதைப் படத்துக்குக் கீழே எழுத வேண்டும்."

"எழுதுகிறேன்."

சுவர் போயிற்று என்று தெரிந்தது. நல்லவளாக இருந்துவிட்ட நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பேசாமல் இருந்து தொலைத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

டீச்சர் என் கேமராவை வாங்கி, மலையில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். துண்டுப் படத்தில் விரல் நின்றது. பெரிதாக்கினார். இடமிருந்து வலமாக ஏழையும் பார்த்தார். செடி என்று சொல்லவில்லை. "இவர்கள் யார்?" என்று கேட்டார்.

முத்துமாரி வரிசையாக வைத்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒவ்வொரு வேராகப் பார்த்தார். ஒன்றுக்கு வேர் நீளம், ஒன்றுக்கு இரட்டைத் தலை, ஒன்று பூக்காம்போடு, ஒன்றுக்கு ஓர் இலை குறைவு, கடைசியில் இருப்பது எல்லாவற்றிலும் குட்டி. எடுக்கும்போது நான் எதையும் பார்க்கவில்லை. ஆள் உயரத்துக்குப் போட்டால் வேரில் இருக்கும் மண்கூடத் தெரியும் என்றார் டீச்சர். மணியைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அச்சுக்கடைக்கு மறுபடியும் போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கண்காட்சி திறந்தது. வெளியே மழை. வாசலில் மடக்கிய குடைகள் ஒரு குவியல். என் நெருஞ்சிக்கும் எருக்குக்கும் முன்னால் மக்கள் நின்று, சர்க்கரைத் தண்ணீர் என்று நான் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தார்கள். உள் அறையில் சிரிப்பு இல்லை. ஒவ்வொரு செடியும் அங்கே ஒரு ஆள் அகலத்துக்கு இருந்தது. அடியில் இரண்டு பெயர்கள்: வரிசைப்படுத்தியது முத்துமாரி, எடுத்தது நான். என் பெயரை ஒரு சுவரில் பார்ப்பதற்கு இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

சுவரைப் போனில் படம் பிடித்து முத்துமாரிக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"பாத்தேன்க்கா. லயத்துல எல்லாருக்கும் காட்டியாச்சு. எம்புட்டுப் பெருசு!" என்றாள். பிறகு, "பாறைக்குத் தெனமும் போய்ப் பாக்கேன். அஞ்சு பிடிச்சிருச்சு. மறுபடி பிசுபிசுன்னு ஊற ஆரம்பிச்சிருக்கு, நேத்து ஒரு கொசுவும் மாட்டிருக்கு. ரெண்டு கறுத்துப் போச்சுக்கா."

"எந்த ரெண்டு?"

"படத்துக்கிட்ட நிக்கீங்களா? எடது பக்கமிருந்து எண்ணுங்க. மூணாவது, பூக்காம்போட இருக்குல்லா, அது. அப்புறம் கடைசிப் பொடிசு."

படத்தின் முன்னால் ஒரு குடும்பம் நின்றிருந்தது. கொஞ்சம் நகரச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடியே கிட்டே போய், நான் சர்க்கரை தெளித்த அந்த மூன்றாவதைப் பார்த்தேன். பிறகு சுவரின் மறுகோடிவரை நடந்து கடைசியைப் பார்த்தேன்.

முத்துமாரி லைனிலேயே இருந்தாள். "பாத்தீங்களாக்கா?" என்றாள்.

"பார்த்தேன்" என்றேன்.